தூங்கும்போது எடுக்க வேண்டிய படம்

குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று மதியம் முதன்முதலாகக் கண்ணயர்ந்தபோது, அதைப் பெற்றவளைத் தவிர வீட்டிலிருந்த அத்தனை பேரும் இருந்த இடத்திலேயே தூங்கிப்போனார்கள். மாமியார் சோபாவில் சாய்ந்தார். மாமனார் செய்தித்தாளை முகத்தில் கவிழ்த்துக்கொண்டார். அது அவருடைய அன்றாட வழக்கம் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. புருஷன் அலமாரிக் கதவைப் பிடித்தபடி நின்றவாக்கிலேயே குறட்டை விட்டான். குழந்தையைப் பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டம்மா, "அப்படியே அப்பாவ உரிச்சு" என்பதுவரை சொல்லிவிட்டுச் சுவரோரம் சரிந்தார். அரை மணி கழித்துக் குழந்தை கண்ணைத் திறந்து ஒரு குரல் கொடுத்ததும் எல்லோரும் சேர்ந்தாற்போல் எழுந்தார்கள். பக்கத்து வீட்டம்மா "வச்சிருக்கு" என்று வாக்கியத்தை முடித்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டார். மாமியார் சோம்பல் முறித்து, இப்படியொரு தூக்கம் தனக்குக் கல்யாணத்துக்கு முன்னால் வந்ததோடு சரி என்றார். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது நர்ஸ் ஒரே ஒரு அறிவுரைதான் சொல்லியிருந்தார்: "குழந்தை தூங்கும்போது நீங்களும் தூங்கிடுங்க." அதை எல்லோரும் காதில் வாங்கி ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். யாரிடம் சொல்லப்பட்டதோ அவளுக்கு மட்டும் ஒரு பொட்டுத் தூக்கம் வரவில்லை.

இந்த ஏற்பாடு வீட்டோடு நிற்கவில்லை. மாடி வீட்டுக்கு ஏறியது, எதிர் வரிசைக்குத் தாவியது, வார முடிவில் தெருமுனைவரை போய்விட்டது. சலூன்காரர் வாடிக்கையாளரின் தாடையில் கத்தியை வைத்தபடி தூங்கினார். வாடிக்கையாளர் அதற்கு முன்பே தூங்கியிருந்தார். தையற்காரர் மிஷின்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டார். தெருவுக்குள் வந்த கார்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்து, இண்டிகேட்டர் போட்டு, ஓரமாக ஒதுங்கி நின்றன. மனிதர்கள் முழித்துக்கொண்டு ஓட்டியபோது அவை அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டதில்லை. வங்கிக் கிளையில் இப்படி நடக்கிறது என்பது அங்கே வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியவே பல நாள் ஆயிற்று. அடுக்குமாடிக் கட்டடத்தின் காவல்காரர் மட்டும் தன்னிடம் எந்த மாற்றமும் இல்லை என்று சத்தியம் செய்தார். அதை யாரும் சந்தேகப்படவில்லை.

நல்லவேளையாக அந்தத் தெருவில் யார் வீட்டிலும் பால் பொங்கி வழியவில்லை, எதுவும் தீப்பிடிக்கவில்லை. தங்கள் தெரு ராசியான தெரு என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அந்த ராசி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, தையல் பிரிக்காத வயிற்றைப் பிடித்தபடி வீடு வீடாக ஓடியது யாருக்கும் தெரியாது. குழந்தை அசந்த மறுநிமிடம் பெற்றவள் கிளம்பிவிடுவாள். மாடியில் அடுப்பை அணைப்பாள், எதிர் வீட்டில் குழாயை மூடுவாள், துணி தேய்க்கிறவரின் இஸ்திரிப் பெட்டியைச் சட்டையிலிருந்து தூக்கி நிமிர்த்தி வைப்பாள், சலூனில் நுழைந்து கழுத்தருகே இருக்கும் கத்தியை மெல்ல எடுத்து மடக்கி வைப்பாள். சில சமயம் வழியிலேயே குழந்தை முழித்துக்கொள்ளும். அப்போது தெருவும் முழித்துக்கொள்ளும். தன் சமையலறையில் பிள்ளை பெற்ற உடம்பு ஆறாத ஒருத்தி குழந்தையோடு நிற்பதைப் பார்த்த எதிர் வீட்டுக்காரி, மாமியாரிடம் வந்து, "பச்ச உடம்புக்காரிய கொஞ்சம் அடக்கி வைங்க, வீடு வீடா சுத்துது" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனாள். மாமியாருக்கு மானம் போயிற்று. "வீட்டுல உனக்கு என்னம்மா கொறச்சல்? பேசாம படுத்துத் தூங்க வேண்டியதுதானே?" என்றார்.

படுத்தாள்தான். கண் எரிந்தது, முதுகு விட்டுப்போயிற்று, நிற்கும்போது தரை சாய்ந்தது. ஆனாலும் தூக்கம் அவள் கட்டிலருகே வந்து, ஒரு பார்வை பார்த்துவிட்டு, புருஷனிடம் போய்ச் சேர்ந்தது. குழந்தை முழித்திருக்கும்போது தூங்கலாமே என்றால், அது முழித்த உடனே ஆளாளுக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்து, "பசிக்குது போல" என்று அவள் மடியில் போட்டுவிட்டுப் போனார்கள். இதை யாரிடமாவது சொல்லலாம் என்று பார்த்தால் அதிலும் ஒரு சங்கடம். முழித்திருக்கும்போது குழந்தை வீல் வீலென்று கத்தும், அந்தச் சத்தத்தில் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. கத்தல் நின்றதென்றால் கேட்க ஆள் முழித்திருக்காது. டாக்டரிடம் போனாள். அவர் "சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?" என்றார். குழந்தை அவள் தோளில் அழுகையை நிறுத்தியது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுக்காமலே மேஜையில் தலையைச் சாய்த்தார். முழித்தவுடன், உங்களைப் பார்த்ததும் எனக்கே தெம்பு வந்துவிட்டது, நீங்கள் நல்ல ஆரோக்கியமாக இருக்கிறீர்கள் என்று அனுப்பி வைத்தார்.

மற்றவர்களின் ஆரோக்கியத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்தத் தூக்கம் கலப்படமில்லாத பச்சைக்குழந்தைத் தூக்கம். கால் மணி நேரம் தூங்கினாலும் ஒரு ராத்திரி அடித்துப்போட்டாற்போல் தூங்கிய தெம்பு வரும். மாமியாருக்கு முழங்கால் வலி போயிற்று. மாமனாரின் வழுக்கையில் முடி மாதிரி ஏதோ எட்டிப்பார்த்தது. புருஷனின் கன்னம் உப்பி, ஆபீசில் எல்லோரும் அவனைப் பார்த்து, "கைக்குழந்தை இருக்கிற வீட்டு ஆளு மாதிரியே தெரியலயே, என்ன ரகசியம்?" என்று கேட்டார்கள். "பாப்பா ரொம்ப சமத்து. தொந்தரவே கிடையாது" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னான். சொந்தக்காரர்கள் குழந்தையைப் பார்க்க என்று வந்தார்கள், சிலர் தலையணையோடு வந்தார்கள். அவர்கள் வந்து தூங்கி எழுந்து போகும்போது பெற்றவளின் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தைப் பார்த்து, உடம்பைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

இந்த நிலையில்தான் மாமியாருக்குப் போட்டோ ஞாபகம் வந்தது. நாத்தனார், அதாவது மாமியாரின் மூத்த மகள், தன் பையன் பிறந்தபோது அவனைப் பிரம்புக் கூடையில் சுருட்டிப் படுக்கவைத்து, கரடிக் காது வைத்த குல்லா போட்டு, தூங்கும்போது படம் எடுத்துக் கதவளவுக்குச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். அந்தப் பையன் இப்போது நாலாவது படிக்கிறான், ஒரு நிமிடம் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாதவன், போன மாதம்தான் வீட்டு டிவியை உடைத்தான். ஆனாலும் சுவரில் அவன் சமர்த்தாகத் தூங்கிக்கொண்டிருந்தான். வருகிறவர்கள் அவனை விட்டுவிட்டுச் சுவரைத்தான் கொஞ்சினார்கள். "என் பேத்தி மட்டும் என்ன கொறஞ்சு போச்சா?" என்றார் மாமியார். நாத்தனார் போனில் வந்து, பிறந்து இரண்டு வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு குழந்தை கைகாலை நீட்டப் பழகிவிடும், கூடைக்குள் மடங்காது, பிறகு எவ்வளவு அழுது புரண்டாலும் வராது என்று எச்சரித்தாள். வீடு பரபரத்தது. பெற்றவளுக்குத் தையல் பிரித்தார்களா என்று கேட்காதவர்கள், குல்லாவுக்குக் கரடிக் காதா முயல் காதா என்று ராத்திரி சாப்பாட்டைக்கூட மறந்து விவாதித்தார்கள்.

பிறந்த குழந்தைகளை மட்டுமே படம் எடுக்கிற பெண் ஒருவர் இருந்தார். தன் வண்டி நிறையக் கூடைகளோடு வருவதால் அவரைக் கூடை மேடம் என்றே சொல்வார்கள். எப்பேர்ப்பட்ட குழந்தையையும் தூங்கவைத்துவிடுவார் என்று பேர். அவர் வந்து ஒரு அறையைக் காலி செய்யச் சொன்னார். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி ஒரு பெரிய பீன் பேக்கைப் போட்டு, அதன்மேல் மெத்துமெத்தென்ற போர்வையை விரித்து, சுற்றிலும் கிளிப் போட்டு இழுத்துக் கட்டினார். ஹீட்டரை வைத்தார். அறை சூடாக இருந்தால்தான் துணியில்லாத குழந்தை தூங்கும், நமக்கு வேர்த்துக் கொட்டுகிறதென்றால் குழந்தைக்குச் சரியாக இருக்கிறது என்று அர்த்தம் என்றார். ஓயாமல் ஷ்ஷ்ஷ் என்று சத்தம் போடுகிற ஒரு சின்னக் கருவியை மூலையில் வைத்தார். எலாஸ்டிக் தடம் தெரியக் கூடாது என்பதால் முன்கூட்டியே குழந்தைக்கு எதுவும் இறுக்கமாகப் போடக் கூடாது, வயிறு முட்டப் பால் கொடுத்திருக்க வேண்டும், தோல் உரிந்தால் கம்ப்யூட்டரில் சரிசெய்துவிடலாம். குழந்தை இரண்டு கையிலும் முகவாயைத் தாங்கிக்கொண்டு தூங்குகிற படம்தான் இப்போது எல்லோரும் கேட்பது. ஆனால் எந்தக் குழந்தையும் அப்படித் தூங்காது, கழுத்து நிற்காது. அதனால் ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள ஒரு படம், மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள இன்னொரு படம் எடுத்து, இரண்டையும் ஒட்டிவிடுவார்களாம். "பிடிக்கிற கைய அழிச்சிருவோம் மேடம். அம்மா கைதான் பெரும்பாலும் பிடிக்கும். ஆனா படத்துல தெரியவே தெரியாது" என்றார் பெருமையாக. பெற்றவள் தலையை ஆட்டினாள்.

முதல் முயற்சியில் கூடை மேடம் குழந்தையைத் துணியில் சுற்றி, கைக்குள் வைத்து ஆட்டி, சொன்னபடியே தூங்கவைத்தார். தூங்கவைத்த சூட்டோடு கூடைக்குள் தலையை விட்டபடி தானும் தூங்கிப்போனார். பெற்றவள் அவரைக் கூடையிலிருந்து விடுவித்து, கேமராவைப் பத்திரமாக மேஜையில் வைத்துவிட்டு, அடுப்புகளைப் பார்க்கத் தெருவுக்குப் போனாள். எழுந்தபோது கூடை மேடம் அழுதுவிட்டார். தன் மகன் பிறந்ததிலிருந்து இப்படித் தூங்கியதே இல்லையாம். மகனுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. படம் கிடைக்கவில்லையே என்று மாமியார் கேட்டதற்கு, எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்ப வருகிறேன் என்றார். வந்தார். புருஷன் வெங்காயத்தை நறுக்கிக் கண்ணருகே பிடித்துக்கொண்டு முழித்திருக்கப் பார்த்தான். கண்ணீர் விட்டபடி தூங்கினான். தெருவைத் தாண்டி ஒரு மொட்டைமாடியில் நின்று நீள லென்ஸால் எடுக்கலாம் என்று கூடை மேடம் ஏறினார். தூக்கம் அன்றைக்கென்று பார்த்து இன்னும் இரண்டு கட்டடம் தள்ளிப் போனது, அவர் தண்ணீர்த் தொட்டியைக் கட்டிக்கொண்டு கிடந்தார். முழித்திருக்கும்போதே எடுத்தால் என்ன என்று மாமனார் கேட்டுத் தொலைத்தார். "கத்துற வாயி போட்டோல தெரியட்டும், உங்க மக வந்து பாத்து சிரிக்கட்டும்" என்று மாமியார் வாயை அடைத்தார். அவர் செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

கடைசியில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, அதுவாகவே கொஞ்ச நேரத்துக்கு ஒரு படம் எடுக்கும்படி டைமரை வைத்தார்கள். குழந்தை தூங்கியது, எல்லோரும் தூங்கினார்கள், கேமரா மட்டும் கடமையைச் செய்தது. எழுந்ததும் ஆவலாகப் பார்த்தார்கள். குழந்தை இருக்க வேண்டிய இடத்தில் மாமியாரின் முதுகு இருந்தது. மாமனாரின் உள்ளங்கால் வெடிப்பு வெடிப்பாக, பத்திரிகைக்கு அனுப்பலாம் போல அவ்வளவு துல்லியமாக விழுந்திருந்தது. கூடை மேடம் ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நிறுத்தினார். படத்தின் ஓரத்தில் ஒரு பெண் குனிந்து ஹீட்டருக்குப் பக்கத்தில் கிடந்த போர்வையை நகர்த்திக்கொண்டிருந்தாள். அடுத்த படத்தில் புருஷனின் வாயோர எச்சிலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதற்கடுத்ததில் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டபடி வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

"இது யாரு சார்?"

"என் வொய்ஃபு" என்றான் புருஷன்.

"இவங்க கண்ணு தெறந்திருக்கே!"

குழந்தை பிறந்ததிலிருந்து அவளை அவர்கள் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார்கள், அதுவும் படத்தில். அப்புறம் மாமியார் கையைத் தட்டினார். "அப்போ தீந்துச்சு பிரச்சன! அவளே எடுத்துரட்டும்!" எல்லோர் முகத்திலும் வெளிச்சம் வந்தது. ஏன் தூங்கவில்லை, எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்றெல்லாம் கேட்டு நல்ல நேரத்தை வீணாக்க யாருக்கும் தோன்றவில்லை. புருஷன் அவள் தோளைத் தட்டி, "உனக்குள்ள இப்படி ஒரு திறமை இருக்குன்னு நீ சொல்லவே இல்ல பாத்தியா" என்றான். அவள் வாயைத் திறந்தாள். குழந்தை அந்த நேரம் பார்த்துக் கத்த ஆரம்பித்தது. "பசிக்குது போல" என்று தூக்கி அவளிடம் கொடுத்தார்கள்.

அடுத்த இரண்டு நாளும் பாடம் நடந்தது. போர்வையை எப்படி இழுத்துக் கட்டுவது, சுருக்கம் விழுந்தால் எப்படிச் சரிசெய்வது, குழந்தையின் காலை எப்படிக் குறுக்காக மடக்குவது, தலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஷட்டரை எந்தக் கையால் அழுத்துவது என்று கூடை மேடம் சொல்லிக்கொடுத்தார். பாதம் குளிர்ந்தால் குழந்தை முழித்துவிடும், அதனால் எடுத்து முடிக்கிறவரை பாதத்தை மட்டும் திறக்கவே கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இரண்டு கைதானே இருக்கிறது என்று பெற்றவள் கேட்டதற்கு, எல்லா அம்மாக்களும் சமாளித்துக்கொள்கிறார்கள் என்று பதில் வந்தது. இதற்கு நடுவே வீட்டில் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் உடை வந்தது. மாமியார் தேர்ந்தெடுத்தது சந்தன நிறம். அதைப் போட்டுப் பார்த்த மாமனார் திரைச்சீலையோடு கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போனார். கடைசிப் படம் தாயும் குழந்தையுமாக இருக்க வேண்டும் என்பதால் பெற்றவளுக்கும் உடை உண்டு. தலை வாரிக்கொள்ள வேண்டும், முகத்தில் களை இருக்க வேண்டும். "அந்தக் கருவளையம்?" என்று மாமியார் கூடை மேடத்திடம் ரகசியமாகக் கேட்டார். அதையும் அழித்துவிடலாம் என்றார் அவர்.

குறித்த நாளில் நாத்தனாரும் வந்து சேர்ந்தாள். தன் பையனின் படத்தைவிட நன்றாக வந்துவிடப் போகிறதோ என்ற கவலையை முகத்தில் மறைத்துக்கொண்டு, "நல்லா வரணும்" என்று வாழ்த்தினாள். எல்லோரும் சந்தன நிறத்தில் அறையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஹீட்டர் சீறியது, கருவி ஷ்ஷ்ஷ் என்றது, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் பீன் பேக்மேல் பால் மாதிரி விழுந்தது. வயிறு முட்டக் குடித்த குழந்தை இரண்டு தடவை உதட்டைச் சப்பிவிட்டுக் கண்ணை மூடியது. நாத்தனார் ஏதோ யோசனை சொல்ல வாயைத் திறந்து திறந்தபடியே சாய்ந்தாள். கூடை மேடம் தலையணையைத் தயாராகவே கொண்டுவந்திருந்தார்.

பெற்றவள் தனியாக நின்றாள். முதலில் தெருவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கத்தி, இஸ்திரிப் பெட்டி, மாடி வீட்டுக் குழம்பு. திரும்பி வந்து குழந்தையைக் கூடையில் சுருட்டிக் கிடத்தி, குல்லாவை மாட்டி, கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தாள். கண்ணாடிக்குள் கூடை தெரிந்தது. முயல் காதுக் குல்லா, சுருண்ட கால்கள், வாயோரம் ஒரு பால் துளி. எவ்வளவு அழகு என்று அவளுக்கே மூச்சு நின்றது. பெற்ற வயிறு குளிர்ந்தது என்று சொல்வதெல்லாம் பொய்யில்லை. கேமராவைக் கொஞ்சம் திருப்பினாள். அந்தப் பக்கம் புருஷன், கன்னம் உப்பி, உலகத்தில் ஒரு குறையும் இல்லாதவனாகத் தூங்கிக்கொண்டிருந்தான். மாமியார் புன்னகையோடு தூங்கினார். அவள் விரல் ஷட்டரில் இருந்தது. பிடிப்பதற்குக் கை வேண்டும், அழுத்துவதற்குக் கை வேண்டும், அப்புறம் பிடித்த கையை அழித்துவிடுவார்கள். அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. சின்னதாகத் தேம்பலெல்லாம் இல்லை. மூக்கு ஒழுக, தோள் குலுங்க, கேமராவைக் கட்டிக்கொண்டு அழுதாள். இப்படியே போனால் செத்துப்போவோம், செத்துப்போனாலும் இவர்கள் எழுந்த பிறகுதான் தெரியும் என்று அவளுக்குத் தெளிவாகப் புரிந்தது.

"எனக்குத் தூக்கம் வருது" என்றாள் அறையைப் பார்த்து. கொஞ்சம் சத்தமாக இன்னொரு தடவை சொன்னாள். கருவி ஷ்ஷ்ஷ் என்று அவளை அடக்கியது.

அதன் பிறகு அவள் செய்த காரியத்தைப் பிள்ளை பெற்ற யாரும் மன்னிக்கமாட்டார்கள். கேமராவைக் கூடை மேடத்தின் மடியில் வைத்தாள். குழந்தையைக் கூடையிலிருந்து தூக்கி, சூடு போகாமல் கொண்டுபோய் மாமியாரின் மார்பில் சாய்த்து, மாமியாரின் இரண்டு கைகளையும் எடுத்து அதைச் சுற்றி வளைத்து வைத்தாள். குல்லாவைக் கழற்றினாள். பிறகு, தூங்குகிற குழந்தையின் பாதத்தைத் திறந்து, அதில் வாயைக் குவித்துக் குளிரக் குளிர ஊதினாள். குழந்தை முழிப்பதற்கும் தெரு முழிப்பதற்கும் நடுவே ஒரு மூச்சு இழுத்துவிடுகிற இடைவெளி உண்டு, குழந்தையை விட்டுக் கிளம்பிய தூக்கம் அப்போது ஆளில்லாமல் நிற்கும். வீடு வீடாக ஓடிய அனுபவத்தில் அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது. குழந்தையின் இமை அசைந்ததும் ஓடி வந்து அந்தப் பீன் பேக்மேல் விழுந்தாள். சூடு இருந்தது, மெத்தென்று இருந்தது, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் அவளே இழுத்துக் கட்டிய போர்வை. முழங்காலை வயிற்றோடு மடக்கி, இரண்டு கையையும் கன்னத்துக்குக் கீழே கொடுத்து, அந்த ஒரு மூச்சுக்குள் அவள் தூங்கிப்போனாள்.

எல்லோரும் முழித்தார்கள். குழந்தை மாமியாரின் கையில் கத்திக்கொண்டிருந்தது. "பசிக்குது போல" என்று மாமியார் அதை நீட்டினார், வாங்க ஆளில்லை. புருஷன் மனைவியைத் தோளைத் தொட்டு எழுப்பினான், உலுக்கினான், காதருகே போய்க் கூப்பிட்டான். நாத்தனார் தண்ணீர் தெளிக்கலாமா என்றாள். ம்ஹூம். பீன் பேக்கில் கிடந்தவள் உதட்டை இரண்டு தடவை சப்பிவிட்டு இன்னும் இறுகச் சுருண்டாள். கூடை மேடத்தின் தொழில் புத்தி மட்டும் அந்தக் கூச்சலில் வேறு பக்கம் போனது. வெளிச்சம் சரியாக விழுந்திருந்தது. சூடு சரியாக இருந்தது. முகவாய்க்குக் கீழே இரண்டு கை, யாரும் பிடிக்காமல் தானாகவே. இத்தனை வருஷத்தில் அவருக்கு இப்படி ஒரு படம் அமைந்ததே இல்லை. பழக்க தோஷத்தில் கீழே கிடந்த முயல் காதுக் குல்லாவை எடுத்து அவள் தலையில் பாதிக்கு மேல் ஏறாமல் மாட்டிவிட்டு, ஷட்டரை அழுத்தினார். எதையும் அழிக்கவில்லை, கருவளையம்கூட அப்படியே இருக்கிறது. அந்தப் படம்தான் இன்றைக்கும் அந்த வீட்டு ஹாலில் கதவளவுக்கு மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் குழந்தை எங்கே என்று தேடுவார்கள். அது அந்த நேரம் முழிச்சிருந்துச்சு என்று மாமியார் சொல்வார், அவர்களும் சரி என்று உட்காருவார்கள்.

அவள் அன்றைக்கு எழவில்லை, மறுநாளும் எழவில்லை. பசித்தபோது குழந்தையை அவள் பக்கத்தில் கிடத்தினார்கள். தூங்கியபடியே பால் கொடுத்தாள், குழந்தை நழுவாமல் மாமியார் பிடித்துக்கொண்டார். அவள் தூங்கத் தொடங்கிய நிமிடத்திலிருந்து தெருவில் வேறு யாருக்கும் தூக்கம் வரவில்லை. குழந்தை மட்டும் எல்லாக் குழந்தைகளையும்போலத் தூங்கியது, முழித்தது, கத்தியது, நனைத்தது. புருஷனுக்கு அது ஒரு நாளைக்கு எத்தனை தடவை நனைக்கும் என்பது தெரியவந்தது. மனிதனுக்கு இவ்வளவு முடியாது என்று முதலில் நம்ப மறுத்தான். மாமியாரின் முழங்கால் வலி திரும்ப வந்தது. நாத்தனார் தன் வீட்டுக்குக் கிளம்பலாம் என்று பார்த்தாள், நின்றவாக்கிலேயே தள்ளாடியதால் வண்டி ஓட்ட யாரும் விடவில்லை. சலூன்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்து ஒரு மணி நேரம் குழந்தையைத் தூக்கி நடந்தார், தையற்காரர் துணி மாற்றினார், வங்கி மேனேஜர் ஏப்பம் வரவைக்கக் கற்றுக்கொண்டு அதில் நல்ல பேர் எடுத்தார். காவல்காரர் வாழ்க்கையில் முதல்முறையாகக் காவல் காத்தார். எதிர் வீட்டுக்காரி விடியற்காலையில் குழந்தையோடு மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தவள் நடுப்படியில் உட்கார்ந்து, "எப்படித்தான் சமாளிச்சாளோ, பாவி மக" என்று அழுதாள். கண்ணுக்குக் கீழே எல்லோருக்கும் ஒரே மாதிரி கருத்தது.

நாலைந்து நாள் கழித்து ஒரு மத்தியானம் அவள் கண்ணைத் திறந்தாள். பீன் பேக் பக்கத்தில் தரையில் புருஷன் உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது, சந்தன நிறச் சட்டையின் தோளில் குழந்தை கக்கிய பால் காய்ந்திருந்தது. குழந்தை அவன் முழங்கால்மேல் குப்புறக் கிடந்தது. அதன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தவன் நிறுத்தாமலேயே அவளைப் பார்த்தான். கண் சிவந்து, சண்டை போடுகிற குரலில் கேட்டான்.

"இவ்வளவு கஷ்டம்னு நீ ஏன்டி ஒரு வார்த்த சொல்லல?"

"தினமும் சொன்னேங்க" என்றாள் அவள். "நீங்க தூங்கிட்டிருந்தீங்க."

அவள் கையை நீட்டிக் குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள், கதகதப்பாக இருந்தது, தன் தலையில் இருந்த குல்லாவைக் காதுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு மறுபக்கம் புரண்டு படுத்தாள். தெருவில் ஒருவருக்கும் தூக்கம் வரவில்லை. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. குழந்தைக்குத் துணி மாற்ற வேண்டியிருந்தது.